பேப்பரில் வந்த ராஜுலு தாத்தா

லாஸ்யாவின் கட்டுரைக்கு இன்னும் ஒரே ஒரு பயன் தேவைப்பட்டது.

‘செய்தித்தாளும் அதன் பயன்களும்’ என்பது தலைப்பு. தமிழ் ஆசிரியை பத்துப் பயன்கள் கேட்டிருந்தார். முதல் வரியை லாஸ்யா நேற்றே முத்து முத்தாக எழுதிவிட்டாள்: ‘செய்தித்தாள் என்பது உண்மையான செய்திகளை நமக்குத் தரும் தாள் ஆகும்.’ அதன் கீழே உலகச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, விளையாட்டு, வேலைவாய்ப்பு என்று எழுதிக்கொண்டு போனவள் ஆறாவது பயனோடு நின்றுவிட்டாள். அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. அம்மாதான் சமையலறையில் இருந்தபடியே உதவிக்கு வந்தார்.

“அலமாரியில விரிக்கலாம். பஜ்ஜியில எண்ணெய் எடுக்கலாம். சன்னல் கண்ணாடி துடைக்கலாம்.”

“அம்மா, இதையெல்லாம் எழுதினா டீச்சர் சிரிப்பாங்க.”

“டீச்சர் ஊட்டு அலமாரியில என்ன பட்டா விரிச்சிருப்பாங்க? எழுது கண்ணு.”

எழுதினாள். ஒன்பது ஆயிற்று. பத்தாவதை இன்றைய பேப்பரைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று வாசலுக்கு ஓடினாள். துடியலூரில் அவர்கள் தெருவுக்குப் பேப்பர் போடும் அன்புமணி அண்ணன், வழக்கம்போல வண்டியை நிறுத்தாமலே கேட்டுக்குள் வீசிவிட்டுப் போயிருந்தார்.

லாஸ்யா பேப்பரை எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். விளையாட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம் புரட்டினாள்.

அவ்வளவுதான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்தின் கீழ்மூலையில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் கருப்பு வெள்ளையில் ஒரு படம். கழுத்தில் பெரிய மாலை. அடர்ந்த புருவம், உர்ரென்ற முகம். எதிர்வீட்டு ராஜுலு தாத்தா!

படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருந்தது. கீழே, ‘எங்கள் அன்பு நண்பர் துடியலூர் சுந்தரராஜுலு. வயது எழுபத்தைந்து. இவண், காலைநடை நண்பர்கள்’ என்று இருந்தது.

“அம்மா!” என்று லாஸ்யா போட்ட சத்தத்தில் சமையலறையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

அம்மா ஓடிவந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ, நேத்து சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாரே! நமக்கு ஒரு வார்த்தை தெரியலையே!”

லாஸ்யாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நேற்றுச் சாயங்காலம் அவள் அடித்த இறகுப்பந்து தாத்தாவின் தோட்டத்தில் விழுந்தது. தாத்தா பெரிய அர்ச்சனை செய்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அவர் உள்ளே போனதும் அவள் வாய்க்குள்ளேயே “உர்ர் தாத்தா” என்று சொன்னாள். கடைசியாக அவரைப் பற்றிச் சொன்ன வார்த்தை அதுதானா?

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, லாஸ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு விரைந்தார். பேப்பர் லாஸ்யாவின் கையிலேயே இருந்தது. தாத்தா தனியாகத்தான் இருந்தார். மகன் கிஷன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். உள்ளே யார் இருப்பார்கள், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் அம்மா கேட்டை மெதுவாகத் திறந்தார்.

செம்பருத்திச் செடிக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. அந்தக் கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. கைக்குப் பின்னால் ராஜுலு தாத்தா வந்தார்.

“ஆ!” என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் அலறினார்கள்.

“ஏனம்மணி, காத்தால எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க?” என்றார் தாத்தா. “மறுபடியும் பந்தை அடிச்சுப்போட்டியா?”

லாஸ்யா ஓரடி பின்னால் நகர்ந்தாள். தாத்தாவின் கால்களைப் பார்த்தாள். இரண்டும் சேற்றில் நன்றாக ஊன்றித்தான் நின்றன. பேப்பரை மட்டும் நீட்டினாள்.

தாத்தா கண்ணாடியை எடுத்து மாட்டினார். படத்தைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். குழாய் கையிலிருந்து நழுவித் தண்ணீர் அவர் வேட்டியிலேயே பாய்ந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“நானா?” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது.

“நீங்கதானுங்க” என்றார் அம்மா.

“நான் செத்துப்போயிட்டனா?”

“பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்குதுங்க.”

தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டி இன்னொரு முறை பார்த்தார். பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபமோ கொஞ்சநஞ்சமல்ல. “அதுவும் கருப்பு வெள்ளையில போட்டு, என் முடியெல்லாம் நரைச்ச மாதிரி காட்டிப்போட்டாங்க பாரு!” என்று பேப்பரைச் சுருட்டிப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் வீசினார். அது குபுக்கென்று மூழ்கியது.

அதற்குள் வீட்டுக்குள் தொலைபேசி அலறியது. தாத்தா ஈர வேட்டியோடு ஓடிப்போய் எடுத்தார்.

“ஹலோ, யாருங்க?”

“ஐயோ, கிஷன் கண்ணு!” என்று ஓர் அம்மாவின் அழுகை வாசல்வரை கேட்டது. “போன வாரம்கூடக் கல்யாணத்துல பாத்தனே! உங்கப்பா இப்படிப் பண்ணிப்போட்டாரே!”

“கிஷன் இல்லீங்க. நான் ராஜுலுதான் பேசறேன்.”

அழுகை இரண்டு பங்கானது. “அப்படியே உங்கப்பா குரல் கண்ணு உனக்கு! நாங்க கிளம்பி வாரோம்.”

தாத்தா தொலைபேசியையே வெறித்துப் பார்த்தார். அடுத்த அழைப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. யாரும் நம்பவில்லை. பெங்களூரிலிருந்து பதறிக்கொண்டு அழைத்த கிஷன் மட்டும் நம்பினார். காரணம், எடுத்தவுடனே தாத்தா, “ஏண்டா, நேத்து ஏன் போன் பண்ணலை?” என்று திட்டினார். அந்தத் திட்டை வேறு யாராலும் திட்ட முடியாது.

“இத்தனை பேருக்கும் ஒவ்வொருத்தருக்கா எப்படிச் சொல்றது?” என்று தாத்தா தன் செல்போனில் தன்னைத்தானே ஒரு படம் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். எழுத்து எதுவும் அடிக்க அவருக்குத் தெரியாது. படம் மட்டும்தான். போட்ட மறு நிமிடமே கூப்பிய கைகளும் விளக்குகளும் வரிசையாக வந்து விழுந்தன. ‘தங்கமான மனிதர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

“தங்கமான மனுசனா?” தாத்தா அந்த எழுத்தை இரண்டு முறை படித்தார். “இந்த ஆளு என்னைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவானே!”

தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. பின்பக்கத்தில் கண்ணாடி மூடி போட்ட நீளமான குளிர்பெட்டி இருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

“ஏனுங்க, ராஜுலு ஐயா ஊடு இதுதானுங்களா? பீளமேட்டுல இருந்து அவங்க சொந்தக்காரங்க அனுப்பிச்சாங்க. பெட்டியை எங்க இறக்கறதுங்க?”

“என் தலையில இறக்கு!” என்றார் தாத்தா. “நான்தான் அந்த ராஜுலு!”

ஓட்டுநர் தாத்தாவை மேலும் கீழும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தோளில் கிடந்த துண்டு தானாகக் கீழே விழுந்தது. லாஸ்யாவின் அம்மா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அக்கம்பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாலையோடு வந்தவர்கள் மாலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒருவர் தன் மாலையைச் செம்பருத்திச் செடியின்மேலேயே போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக நின்றார்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையிலிருந்து கைதட்டலும் பாட்டும் கேட்டன. “ஹேப்பி பர்த்டே டு யூ!”

காலைநடை நண்பர்கள்! எல்லாரும் வெள்ளைக் காலணி, வெள்ளைத் தொப்பி. முன்னால் நரசிம்மலு ஒரு பெரிய கேக் பெட்டியை ஏந்திக்கொண்டு வந்தார். அந்தச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கேட்டுக்குள் நுழைந்தவர் கூட்டத்தைப் பார்த்தார். மாலைகளைப் பார்த்தார். குளிர்பெட்டியைப் பார்த்தார். பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

“ஐயோ ராஜுலு! என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?”

“எனக்குத்தான்” என்றார் தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு. “உனக்குத் தெரியாதா? நீங்கதானே பேப்பர்ல போட்டீங்க!”

பேப்பரில் என்ன வந்திருக்கிறது என்று சொன்னதும் நரசிம்மலுவின் கையில் கேக் ஆடியது. அம்மா பாய்ந்து பிடித்திராவிட்டால் அது தரைக்குத்தான் போயிருக்கும்.

“இன்னைக்கு உன் எழுபத்தைந்தாவது பொறந்தநாள், ராஜுலு! உனக்கே தெரியாம ஒரு வாழ்த்துப் போடலாம்னு நான்தான் படமும் பேரும் அனுப்பிச்சேன்.”

“எந்தப் படம்?”

“போன வருசம் சங்கத்துல உனக்கு மாலை போட்டமே, அந்தப் படம். அதுலதான் நீ நல்லா கம்பீரமா இருந்த.”

“மாமா,” என்றாள் லாஸ்யா மெதுவாக, “ ‘பிறந்தநாள் வாழ்த்து’ன்னு எழுதி அனுப்பினீங்களா?”

நரசிம்மலு வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். “அதை எதுக்கு எழுதோணும்? பார்த்தாலே தெரியும்னு நினைச்சுப்போட்டேன்.”

கழுத்தில் மாலை. முகத்தில் சிரிப்பில்லை. கருப்பு வெள்ளைப் படம். வயது எழுபத்தைந்து. பேப்பர் அலுவலகத்தில் இருந்தவர் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. அது பிறந்தநாள்தான் என்று மட்டும் தெரியவில்லை.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவரும் சிரித்தார். வேன் ஓட்டுநர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால், தாத்தாவின் முகம் திடீரென்று மாறியது. கோபம் அத்தனையும் வடிந்துபோய், அங்கே பயம் வந்து உட்கார்ந்தது.

“அக்கா!” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எல்லாருடைய சிரிப்பும் நின்றது.

தாத்தாவின் அக்கா அம்புஜம் வெள்ளகோவிலில் இருக்கிறார். எண்பது வயதாகிறது. தனி வீடு. மகன் கனடாவில். இருதயத்தில் சிகிச்சை செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினமும் பேப்பர் வந்ததும் அவர் முதலில் பிரிப்பது அஞ்சலிப் பக்கத்தைத்தான். தெரிந்தவர்கள் யாராவது போய்ச் சேர்ந்தார்களா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

“அதிர்ச்சி எதுவும் ஆகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்” என்றார் தாத்தா. “அவ தனியா உக்காந்து இதைப் பார்த்தான்னா…”

“உடனே போன் பண்ணுங்க!” என்றார் அம்மா.

தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். “அவ எடுக்கமாட்டா.”

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் முன்னாலும் அம்புஜம், “இவன் முடிக்கு மை அடிக்கறான்” என்று சொல்லிவிட்டாராம். தாத்தா இல்லவே இல்லை என்று சாதித்தாராம். சின்னப் பேச்சு பெரிய சண்டையாகி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டாராம். அன்றிலிருந்து இவர் அங்கே போவதில்லை, அவர் இவர் போனை எடுப்பதில்லை.

“ஒரு முடிக்கா?” என்றாள் லாஸ்யா. அவளால் நம்பவே முடியவில்லை. அவளும் தோழி மௌனிகாவும் பள்ளியில் போடும் சண்டைகூட மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

இருந்தாலும் அழைத்துப் பார்த்தார்கள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் போனிலிருந்து அழைத்தார்கள். தெரியாத எண் என்றால் எடுக்கவே கூடாது என்று மகன் சொல்லிவைத்திருந்ததால், அதையும் அம்புஜம் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எண்ணும், கனடா மகனின் எண்ணும் தாத்தாவிடம் இல்லை. அக்கா புது வீட்டுக்குப் போன பிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை.

“காரை எடுங்க. நேரா போயிரலாம்” என்றார் நரசிம்மலு.

“அங்க பேப்பர் பஸ்ஸுல லேட்டாத்தான் வரும். ஆனாலும் இங்கிருந்து வெள்ளகோவில் போறதுக்குள்ள பேப்பர் போயிருமே!” என்றார் தாத்தா. அவர் கண்களில் தண்ணீர் நின்றது. உர்ர் தாத்தா அழுவார் என்று லாஸ்யா நினைத்ததே இல்லை.

பெரியவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். தாத்தா சொன்ன கடைசி வார்த்தை லாஸ்யாவின் தலைக்குள்ளேயே சுற்றியது. பேப்பர் போயிருமே. பேப்பர் தானாகவா போகும்? யாராவது கொண்டுபோய்ப் போடவேண்டுமே!

அவள் கேட்டைத் திறந்துகொண்டு ஓட்டமாக ஓடினாள். தெருமுனை டீக்கடையில் அன்புமணி அண்ணன் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா! வெள்ளகோவில்ல பேப்பர் யார் போடுவாங்க?”

“ஏன் பாப்பா? நம்ம பேப்பர் பிடிக்கலையா?”

லாஸ்யா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அன்புமணி டீயைப் பாதியில் வைத்தார். “அடக் கடவுளே! அந்தக் கட்டத்தை நான்தான் ஊடு ஊடாப் போட்டேனா?” என்று செல்போனை எடுத்தார். பேப்பர் கட்டு வராவிட்டாலும், தாமதமானாலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஏஜென்டுகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் குரல் பதிவாகப் பேசிப் போட்டார். தாத்தா வீட்டு வாசலுக்கு அவர்கள் வந்து சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. ஓர் அம்மாவின் குரல்.

“அண்ணா, நான் வெள்ளகோவில் பழனியாத்தா பேசறனுங்க. அம்புஜம்மா ஊட்டுக்கு நான்தான் பேப்பர் போடறேன். எனக்குத் தினமும் காப்பி குடுக்கறவங்களாச்சே! கட்டு இப்பத்தான் பஸ்ஸுல வந்து இறங்குச்சு. இன்னைக்கு அவங்களுக்குப் பேப்பர் போடாம உட்டறட்டுங்களா?”

“போட வேண்டாம், போட வேண்டாம்!” என்றார்கள் எல்லாரும்.

தாத்தா அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். ஆனால், லாஸ்யாவுக்கு மனசு ஒப்பவில்லை.

“பேப்பர் வரலைன்னா அந்தப் பாட்டி பக்கத்து வீட்டுல வாங்கிப் படிப்பாங்க. இல்லைன்னா வேற யாராவது அழுதுட்டே போய்ச் சொல்லுவாங்க” என்றாள். “கெட்ட சேதி போறதுக்கு முன்னால நல்ல சேதி போகணும்.”

அன்புமணி உடனே வீடியோவில் அழைத்துப் பார்த்தார். பழனியாத்தாள் நின்ற பேருந்து நிலையத்தில் சிக்னல் இல்லாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “படம் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க, அது வருது” என்று பழனியாத்தாள் பேசி அனுப்பினார்.

தாத்தாவைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பதில் வந்தது. “ஏனுங்க, இது பேப்பர்ல இருக்கற மாதிரியேதானே இருக்குது! பழைய படத்தை எடுத்துட்டு வந்திருக்கறேன்னு சொல்லிப்போடுவாங்க.”

உண்மைதான். எப்போது எடுத்தாலும் தாத்தாவின் முகம் அதே முகம்தான். இது இன்றைக்கு எடுத்த படம் என்று எப்படிச் சொல்வது?

லாஸ்யா யோசித்தாள். இன்றைக்கு மட்டுமே இருக்கிற பொருள் எது? நேற்று இல்லாதது, இன்று காலையில்தான் வந்தது எது?

“பேப்பர்!” என்று கத்தினாள். “தாத்தா, இன்னைக்குப் பேப்பரைக் கையில பிடிச்சுக்குங்க. ஒவ்வொரு பக்கத்துக்கு மேலயும் தேதி இருக்குமே! செத்துப்போனவங்க எப்படிப் பேப்பரைப் பிடிச்சுட்டு நிப்பாங்க?”

எல்லாரும் ஒரே நேரத்தில், “பேப்பர் எங்கே? பேப்பர் எங்கே?” என்றார்கள்.

லாஸ்யா வீட்டுப் பேப்பர் தொட்டியில் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது. தாத்தாவின் பேப்பர் வாசல் தண்ணீரில் மிதந்தது. அன்புமணியின் பையில் ஒன்றும் மிச்சமில்லை. லாஸ்யா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே அந்த அம்மா அன்றைய பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சரியாகத் தாத்தாவின் முகத்தின்மேல் கீரை குவிந்திருந்தது.

“மன்னிச்சுக்குங்க அத்தை!” என்று லாஸ்யா கீரையைத் தட்டில் கொட்டிவிட்டுப் பேப்பரோடு பறந்தாள்.

தாத்தா பேப்பரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். தேதி தெரிந்தது. படம் தெரிந்தது. அன்புமணி செல்போனைத் தூக்கினார். “ஐயா, கொஞ்சம் சிரிங்க.”

தாத்தா முயன்றார். பல்வலி வந்ததுபோல இருந்தது.

“தாத்தா,” என்றாள் லாஸ்யா. கேட்கலாமா, கூடாதா என்று ஒரு நொடி தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள். “நீங்க நிஜமாவே முடிக்கு மை அடிக்கறீங்களா?”

அம்மா அவள் வாயைப் பொத்த வந்தார். நரசிம்மலு வானத்தைப் பார்த்தார். தாத்தாவின் புருவம் மேலே ஏறியது.

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மீசைக்குள் வந்தது, பிறகு தோள் குலுங்க வந்தது. பல்லெல்லாம் தெரிய, கண்ணில் நின்ற தண்ணீர் கன்னத்தில் இறங்க, பேப்பர் கையில் ஆட ஆடச் சிரித்தார். அன்புமணி சரியாக அந்த நேரத்தில் எடுத்தார். அஞ்சலிப் படத்துக்கு மேலே அதே ஆள் விழுந்து விழுந்து சிரிக்கும் படம்!

“அக்கா, போட்டோ அனுப்பிட்டேன்” என்று அன்புமணி பேசினார். லாஸ்யா எட்டி, “அத்தை! முதல்ல போட்டோவைக் காட்டுங்க. அப்புறம்தான் பேப்பர்!” என்று சேர்த்துச் சொன்னாள்.

“சரி அம்மணி” என்றது பழனியாத்தாளின் குரல். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். யாரும் கேக்கைத் தொடவில்லை. வேன் ஓட்டுநர்கூடப் போகவில்லை. “என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுட்டே போறனுங்க” என்று சுவரோரம் நின்றார். தாத்தா எழுந்து நடப்பார், உட்காருவார், மறுபடியும் எழுவார்.

அன்புமணியின் போன் மணி அடித்தது. வீடியோ அழைப்பு. சிக்னலுக்காக மாடிக்கு ஏறியிருக்க வேண்டும்: திரையில் ஒரு மொட்டைமாடி, காயப்போட்ட மிளகாய், பிறகு ஒரு வயதான முகம். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் சிவந்திருந்தன.

“ஒரேய் ராஜுலு!” என்றார் அம்புஜம். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவருக்கு முதலில் தெலுங்குதான் வரும். “உயிரோடதான்டா இருக்கற?”

“இருக்கறேன்க்கா” என்றார் தாத்தா.

“கண்ணாடியை மாட்டிட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னேன்டா, பேப்பருக்கு. இந்தப் பழனியாத்தா பேப்பரைக் குடுக்காம போனை நீட்டறா. பார்த்தா நீ சிரிக்கற! நீ சிரிச்சு நான் எத்தனை வருசமாச்சு பார்த்து! அப்புறம்தான் கையில இருக்கற பேப்பரைப் பார்த்தேன். இதை மட்டும் முதல்ல பார்த்திருந்தேன்னா…” அம்புஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரைக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

“இருந்தாலும், எழுபத்தைந்து வயசுல முடி மட்டும் இன்னும் கருகருன்னுதான் இருக்குது.”

தாத்தா தன் தலையைத் தடவிக்கொண்டார். நாலு வருடமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னார்.

“மைதான்க்கா. மைதான் அடிக்கறேன்.”

அங்கே அம்புஜம் சிரித்த சிரிப்பு இங்கே தெருமுனைவரை கேட்டது.

லாஸ்யா பள்ளிக்கு அன்று முதல் பாடவேளை முடிந்துதான் போனாள். தாமதத்துக்குக் காரணம் சொன்னபோது ஆசிரியை நம்பவில்லை. கட்டுரையைப் படித்தபோதுதான் அவருடைய கண்கள் விரிந்தன. முதல் வரிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘ஆனாலும், எதிர்வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது போட்டிருந்தால், எதிர்வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.’

பத்தாவது பயன் கடைசியில் இருந்தது: ‘ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தித்தாளில் வந்தால், அவர் அதே செய்தித்தாளைக் கையில் பிடித்துச் சிரித்து, உயிரோடு இருப்பதை எல்லாருக்கும் காட்டலாம்.’

சாயங்காலம் லாஸ்யா வீடு திரும்பும்போது, தாத்தா வீட்டு வாசலில் ஒரு டாக்சி நின்றது. லாஸ்யா உள்ளே ஓடினாள். அம்புஜம் வந்திருந்தார். கூடவே ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கு. சுட்ட கையோடு எடுத்து வந்ததில் எண்ணெய் இன்னும் இறங்கவில்லை.

“எண்ணெய் எடுக்க ஒரு பேப்பர் குடு கண்ணு” என்றார் அவர் லாஸ்யாவிடம்.

சுற்றிலும் பார்த்தாள். முருங்கைக்கீரை வாசம் வீசும் அந்த ஒரு பேப்பர்தான் கிடந்தது. மேசையில் விரித்தாள். அம்புஜம் முறுக்குகளை அதன்மேல் பரப்பினார். கட்டமும் படமும் மாலையும் எல்லாம் முறுக்குக்கு அடியில் மறைந்துபோயின.

“இப்பத்தான் இந்தப் பேப்பர் உருப்படியா ஒரு வேலை செய்யுது” என்றார் அம்புஜம்.

ராஜுலு தாத்தா தன் முகத்தின்மேல் இருந்த முறுக்கை எடுத்து, இரண்டாக உடைத்து, பெரிய பாதியை லாஸ்யாவிடம் நீட்டினார்.